தேர்வு நெருக்கடியில் இருக்கும் மாணவர்களுக்குத் தோட்ட வேலை உதவுமா? விடுதிக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருக்கிறது

நாற்றங்கால் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. நான் ஒரு மாணவர் விடுதியின் பொறுப்பாளர். தேர்வு நெருங்கும் மாதங்களில் பிள்ளைகள் படும் பாட்டைக் கூடவே இருந்து பார்க்கிறேன். இரவு இரண்டு மணிக்கும் அறைகளில் விளக்கு எரிகிறது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை வெறித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவலி, வயிற்று வலி என்று வருகிறவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போனால், பலருக்கு உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.

விடுதிக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. காலை வெயில் நன்றாக விழும், தண்ணீர்க் குழாயும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பிள்ளைகளைத் தோட்டம் போட விடலாமா என்று கேட்டதற்கு நிர்வாகத்தினர் உடனே சரி என்றார்கள். ஆனால் அதை ஒரு வகுப்பாகவே ஆக்கி, வருகைப் பதிவு வைத்து, கடைசியில் சிறந்த பாத்திக்கு மதிப்பெண்ணும் பரிசும் கொடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதுதான் நெருடுகிறது.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். தோட்ட வேலையால் மன அழுத்தம் குறையும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லை அது வெறும் நல்லெண்ணப் பேச்சா? அப்புறம், மதிப்பெண் வைப்பது சரியா?

கணக்குப்புலி

சார், நான் இப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவன். எனக்குக் குளிக்கவே நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. இதில் மண் கொத்து, தண்ணீர் ஊற்று என்று இன்னொரு வேலையைத் தலையில் கட்டினால் அழுத்தம் கூடத்தான் செய்யும். எங்களுக்கு வேண்டியது தூக்கமும், அடுத்தடுத்து தேர்வுகளைத் திணிக்காத ஒரு அட்டவணையும். அதைச் செய்யாமல் கையில் ஒரு செடியைக் கொடுப்பது என்ன நியாயம்?

கோபமாகச் சொல்லவில்லை. எங்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதால் சொல்கிறேன்.

மண்வெட்டி

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாற்றங்கால் சார், அட்டவணை பற்றியும் நிர்வாகத்திடம் பேசுங்கள். தோட்டம் அதற்கு மாற்று ஆகாது.

ஆய்வுமேசை

முதல் கேள்விக்கு என்னால் கொஞ்சம் பதில் சொல்ல முடியும். சுற்றுச்சூழல் உளவியல்தான் என் துறை.

தோட்ட வேலையையும் மன அழுத்தத்தையும் நேரடியாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு என்றால், நெதர்லாந்தில் வான் டென் பெர்க், கஸ்டர்ஸ் இருவரும் செய்து 2011இல் வெளியிட்டதைச் சொல்வேன். 30 பேர் கலந்துகொண்டார்கள். முதலில் எல்லாருக்கும் மனத்தை இறுக்கும் ஒரு சோதனை. 'சிவப்பு' என்ற சொல் நீல மையில் எழுதியிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கேட்க எளிது, செய்து பார்த்தால் மூளை முரண்டு பிடிக்கும். அதன் பிறகு ஒரு குழு 30 நிமிடம் தோட்டத்தில் வேலை செய்தது, இன்னொரு குழு அதே 30 நிமிடம் உள்ளே உட்கார்ந்து வாசித்தது. அழுத்தம் வந்தால் உடம்பில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனை எச்சிலில் அளந்தார்கள். இரண்டு குழுவிலும் அது இறங்கியது, தோட்டக் குழுவில் கூடுதலாக இறங்கியது. மனநிலையில் வித்தியாசம் இன்னும் தெளிவு. தோட்டத்தில் இருந்தவர்கள் முழுதாகப் பழைய உற்சாகத்துக்குத் திரும்பினார்கள், வாசித்தவர்களின் மனநிலை மேலும் சரிந்தது.

அந்த 30 பேரும் ஏற்கெனவே சொந்தமாகப் பாத்தி வைத்துப் பயிர் செய்துவந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மண் வேலை பிடித்துப்போய் வந்தவர்களுக்குக் கிடைத்த பலன் அது. பிடிக்காத ஒருவரை இழுத்து வந்தாலும் அதே அளவு கிடைக்கும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. நிர்வாகம் கட்டாய வகுப்பு என்று சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. ஸ்டீபன் கப்லான், ரேச்சல் கப்லான் என்ற உளவியலாளர் தம்பதி நம் கவனத்தை இரண்டு வகையாகப் பார்த்தார்கள். பாடப் புத்தகத்தில் வலிந்து நிறுத்துகிற கவனம் ஒன்று. அது செலவாகும், களைக்கும். களைத்த பிறகு ஒரே பத்தியை நாலு முறை படித்தாலும் மண்டையில் ஏறாது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். இன்னொன்று, இலை அசைவதையோ எறும்பு ஊர்வதையோ பார்க்கும்போது தானாகப் போய் நிற்கிற கவனம். அதற்கு முயற்சி வேண்டாம். அது நடக்கும் நேரத்தில் முதல் வகைக் கவனம் ஓய்வெடுத்துத் தேறிக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து.

இதை 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்மன், ஜோனிடஸ், கப்லான் மூவரும் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களில் சிலரை மரங்கள் நிறைந்த பூங்காவிலும் சிலரைப் போக்குவரத்து நிறைந்த தெருவிலும் நடக்கவிட்டு, எண் வரிசைகளைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். வேறொரு நாளில் இடத்தை மாற்றினார்கள். மரங்களுக்கிடையே நடந்துவிட்டு வந்தபோதுதான் முன்னேற்றம் தெரிந்தது. மனம் குஷியானதால் வந்த முன்னேற்றம் இல்லை என்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

தம்பி கணக்குப்புலி, நேரம் போய்விடும் என்கிறீர்கள். களைத்த மூளையோடு உட்கார்ந்திருக்கும் நேரம் படிப்புக் கணக்கில் சேராது என்பதுதான் என் பதில்.

கணக்குப்புலி

அப்படியானால் நடந்தாலே போதுமே சார். மரத்தடியில் கொஞ்சம் உலாத்திவிட்டு வந்துவிடலாம். செடி எதற்கு?

இரவுவிளக்கு

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மருத்துவப் படிப்பில் சேர்ந்த முதல் வருடம் எனக்கு மூச்சு முட்டுகிற மாதிரி பதற்றம் வரும். எல்லாரும் "வெளியே நடந்துவிட்டு வா" என்றார்கள். நடந்தேன். ஆனால் நடக்கும்போதும் தலைக்குள் நாளைய தேர்வுதான் ஓடிக்கொண்டிருந்தது. கால் நடந்தது, மனசு அறையிலேயே இருந்தது.

எங்கள் விடுதிச் சமையலறைக்குப் பின்னால் சமையல் செய்யும் அக்கா கொஞ்சம் புதினா வளர்த்துவந்தார். ஒருநாள் "இந்தக் குச்சிகளைக் கொஞ்சம் நட்டுக் கொடு பாப்பா" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்ற வேண்டும். கிள்ளும்போது விரலெல்லாம் அந்த வாசனை. மண்ணை ரொம்ப அழுத்தினால் குச்சி ஒடிகிறது, அழுத்தாவிட்டால் சாய்கிறது. கை அந்த அளவைத் தேடிக்கொண்டிருந்தபோது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது நின்றிருந்தது. அது நின்றதையே பிறகுதான் கவனித்தேன்.

நடக்கும்போது கைக்கு வேலை இல்லை, அதனால் மனசு அதன் போக்கில் போய்விடுகிறது. செடி வேலையில் கை, கண், மூக்கு எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. எனக்கு அதுதான் உதவியது. மற்றவர்களுக்கு நடை போதுமானதாக இருக்கலாம்.

செவிமடல்

மாணவர்களோடு வேலை செய்யும் உளநல ஆலோசகர் நான். இரவுவிளக்கு சொன்னதை எங்கள் அறையிலும் அடிக்கடி கேட்கிறேன். பதற்றம் என்பது பெரும்பாலும் இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றியது. ஈர மண்ணின் சில்லிப்பும் கிள்ளிய இலையின் வாசனையும் இந்த நிமிடத்தில் இருப்பவை. பதற்றம் தலைக்கேறும்போது, சுற்றி இருப்பவற்றில் கண்ணால் பார்ப்பதை, தொடுவதை, முகர்வதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கச் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். தோட்டத்தில் அது யாரும் சொல்லாமலே நடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு மாணவரின் நாளில் எல்லாமே அவரை அளக்கிறது. மதிப்பெண், தரவரிசை, பெற்றோரின் முகம், நண்பன் எவ்வளவு முடித்தான் என்ற கணக்கு. செடிக்கு இவர் யார், எத்தனையாவது இடம் என்பதெல்லாம் தெரியாது. தண்ணீர் ஊற்றினால் எடுத்துக்கொள்ளும். தன்னை யாரும் எடைபோடாத ஒரு அரை மணி நேரம் கிடைப்பது இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம்.

அதனால்தான் சொல்கிறேன், நாற்றங்கால் சார், மதிப்பெண் வேண்டவே வேண்டாம். அளக்காத ஒரே இடத்தையும் அளக்கிற இடமாக்கிவிடாதீர்கள்.

ஏன்எப்படி

மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியா மனச்சோர்வைப் போக்கும், மண்ணைத் தொட்டாலே மகிழ்ச்சி ஹார்மோன் சுரக்கும் என்று ஒரு செய்தி அடிக்கடி சுற்றுகிறதே, அது உண்மையா?

ஆய்வுமேசை

பாதி உண்மை. அந்தப் பாக்டீரியாவின் பெயர் மைக்கோபாக்டீரியம் வாக்கே. 2007இல் லவ்ரியும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், சூட்டால் கொல்லப்பட்ட அந்தப் பாக்டீரியாவைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். மூளையில், மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளைச் சார்ந்த சில நரம்பணுக்கள் தூண்டப்பட்டதைக் கண்டார்கள். சுவாரசியமான கண்டுபிடிப்புதான். ஆனால் எலிக்குச் செலுத்தியதிலிருந்து "மண்ணைத் தொட்டால் மனச்சோர்வு போகும்" என்ற இடத்துக்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லி நம்பிக்கை ஏற்ற வேண்டாம். தோட்டத்துக்குப் பலன் இருக்கிறது என்று சொல்ல இந்தத் துணை தேவையில்லை.

ஏன்எப்படி

நன்றி. இன்னொரு சந்தேகம். செடி செத்துப்போனால்? ஏற்கெனவே "என்னால் எதுவும் முடியாது" என்று இருக்கிற பையன் கையில் செடியும் பட்டுப்போனால் மனசு இன்னும் உடையாதா? என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது. யாரோ பரிசாகக் கொடுத்த ரோஜாச் செடி ஒரு மாதத்தில் காய்ந்தது. அவள் அதை மூலையில் வைத்துப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

மண்வெட்டி

நல்ல கேள்வி. இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில், புதியவர் கையில் ரோஜாவைக் கொடுக்கவே கூடாது. பூச்சி, கரும்புள்ளி நோய், கவாத்து என்று அனுபவப்பட்டவர்களையே தவிக்கவிடும் செடி அது. உங்கள் தங்கையிடம் எந்தக் குறையும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு நான் கொடுப்பது முள்ளங்கி விதை, அதிலும் உருண்டையாகக் காய்க்கும் குட்டை ரகம். மண்ணைக் கிளறிப் பொலபொலவென்று ஆக்கிவிட்டு, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைப் போட்டு மூடினால் போதும். மூன்றிலிருந்து ஐந்து நாளில் முளைத்துவிடும். அந்தக் காலையில் போய்ப் பாருங்கள். மண்ணின் மேல்தோடு மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டு லேசாகத் தூக்கியிருக்கும். அதற்குள் வெளுத்த தண்டு தலையைக் குனிந்தபடி வளைந்து நிற்கும். மாலைக்குள் நிமிர்ந்து, இதய வடிவில் இரண்டு விதையிலைகளை விரித்துவிடும். பிறகு வருகிற உண்மையான இலை ஓரம் நெளிந்து, தொட்டால் சுணையாக இருக்கும். நாலைந்து வாரத்தில் கிழங்கைப் பிடுங்கிவிடலாம். ஒரு பருவத் தேர்வுக்குள் விதையிலிருந்து அறுவடை வரை முழுதாகப் பார்த்துவிட முடிகிற செடி இது.

நடுவில் ஒரு வேலை உண்டு, கலைத்து விடுவது. நெருக்கமாக முளைத்ததில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஒன்றை விட்டுவிட்டு மீதியைப் பிடுங்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது மனசு கேட்காது. நன்றாக வளர்கிற ஒன்றை எதற்குப் பிடுங்குவது என்பார்கள். நான் அவசரப்படுத்துவதில்லை. ஒரு வரிசையை விட்டுவைத்து, ஒரு வரிசையைக் கலைத்து, இரண்டையும் அவர்களே பார்க்கட்டும் என்று விடுவேன். கலைக்காத வரிசையில் இலைதான் மண்டியிருக்கும், கீழே கிழங்கு திரண்டிருக்காது. இன்னது செய்தால் இன்னது ஆகும் என்பதை மண்ணே காட்டிவிடுகிறது. பிடுங்கிய நாற்றையும் வீணாக்க வேண்டியதில்லை, அந்த இளங்கீரையைத் தின்னலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு செடி என்று பெயர் எழுதி வைக்காதீர்கள். பாத்தி எல்லாருக்கும் பொது. விதையை நிறையத் தூவுங்கள். பத்தில் இரண்டு முளைக்காமல் போனால் யாரும் அதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொட்டியில் வளர்ப்பதானால் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். புதியவர்கள் வளர்க்கும் செடி பெரும்பாலும் தண்ணீர் மிகுந்துதான் சாகிறது. வேர் மூச்சுவிட வழியில்லாமல் அழுகி, இலை மஞ்சளாகும். அதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து மறுபடியும் ஊற்றுவார்கள். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். வேறு விதி எதுவும் வேண்டாம்.

கணக்குப்புலி

பொதுப் பாத்தி என்றால் யாருக்கும் பொறுப்பு இருக்காதே அண்ணா. நாலு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

ஆய்வுமேசை

சரியான இடத்தில் தொட்டிருக்கிறீர்கள். இதற்கு 1976இல் எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் இருவரும் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு பொருந்தும். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் வாழ்க்கைக்கு நீங்களே பொறுப்பு, பிடித்த செடியை நீங்களே தேர்ந்தெடுத்து வளர்க்கலாம் என்றார்கள். இன்னொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியர் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். முதல் தளத்துக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் ஆனார்கள். செடி மட்டுமே காரணம் இல்லை, வேறு சில முடிவுகளையும் அவர்கள் கையில் விட்டிருந்தார்கள். ஆனாலும் எனக்கு அதிலிருந்து கிடைப்பது இது: பலன் செடியைப் பார்ப்பதில் மட்டும் இல்லை, அது என் பொறுப்பு, என் தேர்வு என்பதிலும் இருக்கிறது.

ஆகவே பாத்தி பொதுவாக இருக்கட்டும், ஆனால் என்ன விதைப்பது, எங்கே விதைப்பது, யார் எந்த நாள் தண்ணீர் ஊற்றுவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். பெரியவர்கள் வரைபடம் போட்டுக் கொடுத்து, இங்கே தோண்டு என்றால் அது இன்னொரு வீட்டுப்பாடம்.

மதிப்பெண், பரிசு பற்றியும் ஒரு வார்த்தை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் 1973இல் சின்னக் குழந்தைகளிடம் பார்த்தது. படம் வரைவதை ஆசையாகச் செய்துகொண்டிருந்த குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று முன்பே சொல்லிவிட்டு, வரைந்ததும் அதைக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் முன்பைவிடக் குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. நிர்வாகத்துக்கு இதையும் காட்டலாம்.

செவிமடல்

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தோட்டம் நல்ல துணை, ஆனால் அது சிகிச்சைக்கு மாற்று இல்லை. ஒரு மாணவருக்கு இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுக்க மனம் சோர்ந்தே இருந்தால், முன்பு ஆசையாகச் செய்தவற்றில் எதிலும் பிடிப்பில்லாமல் போனால், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். "நான் இல்லாமல் போனால் நல்லது" என்கிற மாதிரி ஒரு சொல் காதில் விழுந்தால் அன்றைக்கே செய்யுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். பேசினால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், நேராகவே கேட்கலாம்.

தோட்டத்தில் இன்னொரு வசதியைக் கண்டிருக்கிறேன். எதிரெதிரே உட்கார்ந்தால் வாயே திறக்காத பிள்ளைகள், பக்கத்தில் குனிந்து களை பிடுங்கும்போது தானாகப் பேசுவார்கள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. நாற்றங்கால் சார், நீங்களும் ஒரு களைக்கொத்தோடு போய் உட்காருங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம், காது கொடுத்தால் போதும்.

இரவுவிளக்கு

உண்மை. சமையல் அக்கா என்னிடம் என்ன ஆச்சு என்று கேட்டதே இல்லை. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

நாற்றங்கால் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையில் வந்தவற்றை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் பேசினேன். மதிப்பெண் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். பரிசு விஷயத்தில் இன்னும் கொஞ்சம் இழுபறி. அட்டவணை பற்றியும் பேச்சைத் தொடங்கியிருக்கிறேன், கணக்குப்புலி. அது உடனே நடக்காது, ஆனால் விடமாட்டேன்.

நேற்று மாலை பிள்ளைகளிடம் சொன்னேன். நிறையப் பேர் வரவில்லை. வந்தவர்கள் முள்ளங்கியும் சூரியகாந்தியும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒருவன் மட்டும் எதையும் விதைக்க மாட்டேன், மண்ணை மட்டும் கொத்தித் தருகிறேன் என்கிறான். அவனை அப்படியே விடலாமா?

மண்வெட்டி

தாராளமாக விடுங்கள். கொத்துவது பெரிய வேலை. உடம்பு வியர்த்தால் அன்றைக்கு நன்றாகத் தூங்குவான்.

கணக்குப்புலி

விடுமுறையில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டால் யார் தண்ணீர் ஊற்றுவது? இதை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

மண்வெட்டி

விடுமுறைக்கு முன்பே அறுவடை முடிகிற மாதிரி நாள் கணக்குப் பார்த்து விதையுங்கள், முள்ளங்கிக்கு அது சுலபம். சூரியகாந்திக்கு மாதக்கணக்கில் ஆகும், அதனால் அதன் அடியில் காய்ந்த இலை தழையால் நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். ஈரம் சீக்கிரம் ஓடாது. மூடாக்கு இருந்தால் தினமும் ஊற்றத் தேவையில்லை, காவலாளியோ சமையல்காரரோ வாரத்தில் இரண்டு மூன்று தடவை பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். கடும் வெயில் காலம் என்றால் அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பாதுகாப்பு விஷயங்கள். மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும், எல்லாருக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். கையில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் கையுறை போடட்டும். உர மூட்டையைப் பிரிக்கும்போது முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம், தூசி பறக்காமல் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கையுறை வாங்கும்போது சின்ன அளவும் சேர்த்து வாங்குங்கள் சார், பெரிய கையுறைக்குள் விதை பிடிபடாது.

கணக்குப்புலி

எங்கள் விடுதியிலும் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. அண்ணா, முள்ளங்கி விதையை ஊறப்போட்டு விதைக்க வேண்டுமா, அப்படியே போடலாமா?

மண்வெட்டி

அப்படியே போடலாம் தம்பி. விதைத்த அன்றைக்குப் பூவாளியால் மென்மையாகத் தண்ணீர் தெளி, குழாயைத் திறந்துவிட்டால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும்.